மகளின் திருமணம் மார்மன் ஆலயத்தில். பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லையாம். என்ன செய்யலாம்?

பாரிஜாதம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். யூட்டா மாநிலத்தில் வசிக்கும் தமிழர்களோ, மார்மன் குடும்பங்களில் பெண் கொடுத்தவர்களோ எடுத்தவர்களோ இங்கே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்கள் ஒரே மகள் மேற்படிப்புக்காக யூட்டாவுக்குச் சென்று, படிப்பு முடிந்ததும் ப்ரோவோ நகரிலேயே வேலையில் அமர்ந்தாள். உடன் பணிபுரியும் ஒருவரை விரும்பி, அவருடைய குடும்பம் சார்ந்திருக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபையில் (மார்மன் சபை என்று பலரும் சொல்வது இதைத்தான்) சென்ற ஆண்டு ஞானஸ்நானமும் பெற்றுவிட்டாள். எங்களிடம் எதையும் மறைக்கவில்லை, நாங்களும் தடுக்கவில்லை. வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும், ஆனாலும் மனத்தைத் தேற்றிக்கொண்டோம். மாப்பிள்ளையாக வரப்போகிறவர் நல்ல பிள்ளை. இரண்டு ஆண்டுகள் தென் அமெரிக்காவில் மதப்பணி செய்துவிட்டு வந்தவர். எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, சாப்பிட்ட பாத்திரங்களைத் துலக்கி வைக்காமல் சமையலறையை விட்டு நகரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர்.

திருமணத்தை ப்ரோவோ சிட்டி சென்டர் ஆலயத்தில் நடத்துவதாக முடிவு செய்திருக்கிறார்கள். சில நாட்களுக்கு முன்பு தொலைபேசியில் பேசும்போதுதான் மகள் தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னாள். சபையில் சேர்ந்து, அதற்கென்று தகுதிச் சான்று பெற்றவர்கள் மட்டுமே அந்த ஆலயத்துக்குள் போக முடியுமாம். நாங்கள் வெளியே காத்திருந்தால், முடிந்தவுடன் இருவரும் வந்து எங்களோடு படம் எடுத்துக்கொள்வார்களாம். தாரை வார்த்துக் கொடுக்க வேண்டிய தகப்பன் புல்வெளியில் நிற்பதா என்று என் கணவர் ஒரே ஒரு முறை கேட்டார். அதன் பிறகு இந்தப் பேச்சையே அவர் எடுப்பதில்லை.

விதி உண்மையிலேயே இவ்வளவு கண்டிப்பானதுதானா, அல்லது மாப்பிள்ளை வீட்டார் வைத்துக்கொண்ட வழக்கமா? வேறு மதத்தினர் என்பதால்தான் எங்களை ஒதுக்குகிறார்களா? இவர்கள் பல பெண்களை மணப்பவர்கள் ஆயிற்றே என்று உறவினர் ஒருவர் கிளப்பிவிட்ட பயத்துக்கு என்ன பதில் சொல்வது? இவை போக, மகள் இப்போது எங்கள் கொள்ளுத்தாத்தா வரை பெயர்களையும் பிறந்த ஆண்டுகளையும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அது எதற்காக என்பதும் எனக்குப் புரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

உப்பேரிக்கரை (பதில்)

வணக்கம் அம்மா. நான் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் நெடுங்காலமாக வசிப்பவன். அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்லன். ஆனால் எங்கள் தெருவில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் அவர்களுடையவை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தவழ்ந்த காலத்திலிருந்து, மதப்பணிக்குப் புறப்பட்டுப் போய்த் திரும்பி வந்து மணம் முடித்த காலம் வரை கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

உங்கள் மகள் சொன்னது உண்மை. அது மாப்பிள்ளை வீட்டார் வகுத்த விதி அன்று. இவர்களுக்கு இரண்டு விதமான கட்டடங்கள் உண்டு என்பதை முதலில் அறிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். ஞாயிற்றுக்கிழமை வழிபாடு நடக்கும் சபைக்கூடம் எல்லோருக்கும் திறந்தது. நீங்கள் பட்டுப்புடவையோடும் பொட்டோடும் போய் முதல் வரிசையில் அமர்ந்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், கை குலுக்க வருகிறவர்களிடமிருந்து தப்புவதுதான் சிரமம். ஆலயம் அப்படியானதில்லை. சபையிலேயே பிறந்து வளர்ந்தவர்கூட முதலில் தம் பகுதிச் சபையை நடத்தும் பிஷப்பிடமும், பிறகு அவருக்கு மேல் பல சபைகளுக்குத் தலைவராக இருப்பவரிடமும் நேர்காணலுக்குப் போய், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகக் காணிக்கையாகச் செலுத்துகிறாரா, மது, புகையிலை, காபி, தேநீர் ஆகியவற்றைத் தவிர்க்கிறாரா, ஒழுக்க விதிகளின்படி வாழ்கிறாரா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, ஒரு சிறிய அனுமதிச் சீட்டைப் பெற வேண்டும். அதையும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்தச் சடங்குகளுக்குத் தகுதி பெற ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும்; சென்ற ஆண்டே ஞானஸ்நானம் பெற்றும் உங்கள் மகளின் திருமணம் இப்போதுதான் நடப்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும்.

ஆகவே நீங்கள் இந்துக்கள் என்பதால் வெளியே நிறுத்தப்படவில்லை. மாப்பிள்ளைக்குப் பதினைந்து வயதில் ஒரு தங்கை இருந்தால் அவளும் அன்று உங்களோடு வெளியேதான் நிற்பாள். தசமபாகம் கொடுப்பதை நிறுத்திவிட்ட சித்தப்பாவும் அப்படியே. இது உங்கள் வருத்தத்தைக் குறைக்குமா என்று தெரியவில்லை, ஆனால் அவமதிப்பு என்ற எண்ணத்தையாவது குறைக்கும் என நினைக்கிறேன்.

உள்ளே நடப்பதை அவர்கள் முத்திரித்தல் என்கிறார்கள். பேச்சு வழக்கில் சீலிங். மரணம் வரை என்று இல்லாமல், மரணத்துக்குப் பிறகும் கணவன் மனைவியாகவே இருப்பார்கள் என்பது அதன் பொருள். எதிரெதிரே கண்ணாடிகள் பதித்த ஒரு சிறிய அறையில், நடுவில் உள்ள மெத்தையிட்ட பீடத்தின் இருபுறமும் மணமக்கள் முழந்தாளிட்டுக் கைகோர்த்திருக்க, அதிகாரம் பெற்ற ஒருவர் சில வாசகங்களைச் சொல்லி முடித்துவைப்பார். மணமகள் தந்தையின் கைபிடித்து நடந்து வருவது, இசை, மோதிரம் அணிவிப்பது எதுவும் அந்தச் சடங்கின் பகுதி அல்ல. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். இந்த அறையை நீங்கள் கண்ணால் பார்க்கவே முடியாது என்பதில்லை. புதிதாகக் கட்டிய அல்லது புதுப்பித்த ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்வதற்கு முன்பு சில வாரங்களோ மாதங்களோ பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். 2019 டிசம்பரில் மூடப்பட்ட சால்ட் லேக் ஆலயத்தை 2027 ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை அப்படித் திறந்துவைப்பதாக அறிவித்திருக்கிறார்கள். மகள் எங்கே நின்றாள் என்று அறியவாவது ஒரு முறை போய் வரலாம்.

இனி நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. 2019 மே மாதம் வரை, அமெரிக்காவில் ஆலயத்துக்கு வெளியே சட்டப்படி மணம் செய்துகொண்ட சபையினர், அதன் பிறகு முத்திரித்தலுக்கு ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அந்த ஓர் ஆண்டுக்கு அஞ்சியே எத்தனையோ பிள்ளைகள் பெற்றோரை வெளியே நிறுத்திவிட்டு நேராக ஆலயத்துக்குச் சென்றார்கள். அந்த விதியைச் சபையின் தலைமையே நீக்கிவிட்டது. ஆலயத் திருமணத்தால் பெற்றோரும் நெருங்கிய குடும்பத்தினரும் ஒதுக்கப்பட்டதாக உணரக்கூடிய சூழ்நிலையில், முதலில் பொதுவில் மணம் செய்துகொண்டு பிறகு முத்திரித்தலுக்குச் செல்ல அனுமதி உண்டு என்று அந்த அறிவிப்பு வெளிப்படையாகவே கூறுகிறது. உங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்து எழுதியது போலவே இருக்கும். அடுத்த நாளே ஆலயத்துக்குப் போகலாம், ஏன், அன்று மாலையே போகலாம். எனவே, எங்கள் முன்னிலையில் முதலில் திருமணம், பிறகு உங்கள் ஆலயம் என்று நீங்கள் கேட்பது விதியை மீறச் சொல்வது ஆகாது. சவுத் ஜோர்டன் நகரில் கணேசர் கோவில் இருக்கிறது. அங்கே தாலி கட்டி, அதையே சட்டப்படியான திருமணமாகப் பதிவு செய்யவும் இயலும். மகளும் மாப்பிள்ளையும் அதற்கு இசைவார்களா, அல்லது சபைக்கூடத்தில் பிஷப் நடத்திவைக்கும் எளிய திருமணத்தையே விரும்புவார்களா என்பது நீங்கள் பேசி முடிவு செய்ய வேண்டியது.

பலதார மணம் பற்றி: 1852-இல் வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட அந்த வழக்கத்தை 1890-இல் அப்போதைய தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் நிறுத்துவதாக அறிவித்தார்; 1904-க்குப் பிறகு அதில் ஈடுபடுபவர்களைச் சபையிலிருந்தே நீக்கத் தொடங்கினார்கள். இன்றும் அந்த வழக்கத்தைக் கைவிடாதவர்கள் பிரிந்து போன தனிக் குழுக்கள். உறவினரிடம் இதைச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுங்கள்.

மலையடிவாரம் (பதில்)

மேலே எழுதியவர் அனைத்தையும் சரியாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் அக்கம்பக்கத்தவரின் பார்வை சற்று இனிமையாகவே இருக்கும். நான் வீட்டுக்குள்ளிருந்து எழுதுகிறேன். என் மனைவி அந்தச் சபையில் ஆறாவது தலைமுறையாகப் பிறந்து வளர்ந்து, கல்லூரிக் காலத்தில் விலகியவர்.

அவருடைய தம்பியின் திருமணத்தன்று நாங்கள் இருவரும் ஆலயத்தின் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மாமனார், மாமியார், அவர்களுடைய நண்பர்கள், என் மனைவிக்குப் பெயரே தெரியாத சிலர்கூட உள்ளே சென்றார்கள். அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா வெளியே. யாரும் கடுஞ்சொல் சொல்லவில்லை. எல்லோரும் அன்பாகவே பேசினார்கள், அதுதான் கோபப்படவும் முடியாமல் செய்தது. அம்மா, அன்றைக்கு எல்லாம் நல்லபடியாகவே இருக்கும், கவலைப்படாதீர்கள் என்று உங்களிடம் சொல்வார்கள். அதை நம்பித் தேதி நெருங்கும் வரை சும்மா இருந்துவிடாதீர்கள். இப்போதே, உங்கள் கணவரும் உடனிருக்க, மகளிடம் நேரடியாகக் கேளுங்கள். உங்கள் கணவரின் மௌனத்தைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கக்கூடும்.

திருமணத்துக்குப் பிறகான வாழ்க்கை பற்றியும் மகளிடம் பேசிவிடுவது நல்லது. வருமானத்தில் பத்து சதவீதம் என்பது இளம் தம்பதிக்குச் சிறிய தொகை அன்று. பகுதிச் சபைகளில் சம்பளம் வாங்கும் குருக்கள் கிடையாது. பிஷப்பே பகலில் பல் மருத்துவராகவோ கணக்கராகவோ இருப்பார். அதனால் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதிலிருந்து பியானோ வாசிப்பது வரை ஏதாவது ஒரு பொறுப்பு எல்லோர் தலையிலும் விழும், அதை மறுப்பது வழக்கமில்லை. சபையில் குருவாகச் செயல்படும் உரிமையான ஆசாரியத்துவம் ஆண்களுக்கு மட்டுமே. தந்தை குடும்பத்துக்குத் தலைமை தாங்க வேண்டும், பிள்ளை வளர்ப்பு முதன்மையாகத் தாயின் பொறுப்பு என்று 1995-இல் சபை வெளியிட்ட குடும்பப் பிரகடனம் கூறுகிறது. அதே பிரகடனம் இருவரும் சமமான துணைவர்கள் என்றும் கூறுவதால், ஒவ்வொரு வீடும் தனக்கு ஏற்ற பாதியை அழுத்திப் படிக்கிறது. உங்கள் மருமகன் பாத்திரம் துலக்குகிறவர் என்பது நல்ல அறிகுறியே.

விலகுவது கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும். குடும்பம் முழுவதும் நித்தியமாகச் சேர்ந்திருக்கும் என்று நம்புகிற வீட்டில் ஒருவர் வெளியேறினால், அவர் ஒரு கருத்தைக் கைவிட்டார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நித்தியத்தில் ஓர் இருக்கை காலியாகிவிட்டது என்றே தாயும் தந்தையும் அழுகிறார்கள். என் மாமியார் இன்றும் அழுகிறார்.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லாவிட்டால் நேர்மையாக இராது. என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்த சமயத்தில், அவர் சபையை விட்டு விலகிப் பல ஆண்டுகள் கழிந்திருந்தும், அந்தப் பகுதியின் ஒத்தாசைச் சங்கப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு இரவு உணவு கொண்டுவந்தார்கள். 1842-இல் தொடங்கிய பெண்கள் அமைப்பு அது. ஒவ்வொரு கண்ணாடிப் பாத்திரத்தின் அடியிலும் பெயர் எழுதிய காகித நாடா ஒட்டியிருக்கும், யாருடையதை யாரிடம் திருப்பித் தர வேண்டும் என்பதற்காக. சமையலறை மேடையில் ஐந்தாறு குடும்பங்களின் பாத்திரங்கள் அடுக்கியிருந்ததைப் பார்த்து, இவர்களோடு எப்படிச் சண்டை போடுவது என்று மனைவி கேட்டார்.

பாரிஜாதம் (கேள்வி எழுப்பியவர்)

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று கணவரை அருகில் வைத்துக்கொண்டே மகளிடம் பேசினேன். 2019 மாற்றம் அவளுக்கும் தெரிந்தே இருக்கிறது. ஆனால் முதலில் வெளியில் மணம் செய்துகொண்டால், ஆலயத்துக்குத் தகுதியில்லாமல் ஏதோ தவறு நடந்துவிட்டதாக மாப்பிள்ளையின் பாட்டியும் அத்தைமாரும் நினைப்பார்களோ என்று தயங்குகிறாள். மாப்பிள்ளைக்கு மறுப்பில்லையாம்.

முன்னோர் பெயர்கள் பற்றிக் கேட்டேன். இறந்தவர்களுக்காக ஆலயத்தில் செய்யும் சடங்குகளுக்கு அவை தேவை என்று சொன்னாள். என் மாமனார் தினமும் திருநீறு பூசாமல் தண்ணீர்கூட அருந்தாதவர். அவர் பெயரில் ஞானஸ்நானம் என்பதை என் கணவரிடம் எப்படிச் சொல்வேன்?

நித்தியமல்லி (பதில்)

அன்புள்ள அக்கா, நான் இந்தச் சபையைச் சேர்ந்தவள். திருமணமாகி யூட்டாவுக்கு வந்த தமிழ்ப்பெண். என் பெற்றோர் சபையில் இல்லை. உங்கள் மகள் நிற்கும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பாட்டியும் அத்தைமாரும் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் ஆதாரமற்றதில்லை. பழைய விதி இருந்த காலத்தில், அமெரிக்காவில் வெளியே மணம் செய்துகொண்டவர்கள் என்றாலே, நேர்காணலில் தேறாதவர்களோ என்று ஊர் கிசுகிசுக்கும். அந்தப் பழக்கம் விதியோடு சேர்ந்து ஒரே நாளில் போய்விடாது. ஆனால் பிரிட்டன் போன்ற நாடுகளில் திருமணம் பொதுமக்கள் வரக்கூடிய இடத்தில் நடக்க வேண்டும் என்று சட்டமே இருப்பதால், அங்குள்ள எங்கள் சபையினர் எப்போதுமே முதலில் வெளியே மணம் முடித்துப் பிறகே ஆலயத்துக்குச் செல்வார்கள். அவர்களை யாரும் குறைத்து மதித்ததில்லை. மாப்பிள்ளையின் பாட்டியிடம் இதைச் சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளைதான், உங்கள் மகள் அல்லள். அவருக்கு மறுப்பில்லை என்றால் அந்த வேலையை அவரே செய்யட்டும்.

நீங்களும் உங்கள் கணவரும் சம்பந்தியிடம் நேரில் பேசலாம் என்பது என் கருத்து. எங்கள் சபையில் பெற்றோரின் மனத்தைப் புண்படுத்தாமல் இருப்பது சிறிய விஷயம் அன்று. ஒரு தகப்பனார் வந்து, என் மகளை என் கையால் கொடுக்க விரும்புகிறேன் என்று சொன்னால், அதைக் கேட்டு உருகாத யூட்டா மாமியாரை நான் பார்த்ததில்லை. அந்தப் பகுதியின் பிஷப்பையும் சந்திக்கலாம். திருமணங்களை நடத்திவைக்க அவருக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. கோவிலில் தாலி கட்டுவதைப் பொறுத்தவரை, உங்கள் மகள் தன் நம்பிக்கைக்குப் பொருந்தாது என்று கருதும் பகுதிகள் இருக்கலாம், குறிப்பாக அக்னிக்கும் தெய்வங்களுக்கும் முன்பாகச் செய்யும் சங்கல்பங்கள். எதை ஏற்பாள், எதை ஏற்க இயலாது என்று அவளையே சொல்லவிடுங்கள். நான் மந்திரங்கள் இல்லாமல் பெரியவர்கள் முன்னிலையில் தாலி மட்டும் கட்டிக்கொண்டேன். என் தாயாருக்கு அது போதுமானதாக இருந்தது. என் பெரியம்மாவுக்கு இருக்கவில்லை.

வரவேற்பைப் பெரும்பாலும் சபைக்கூடத்தின் பெரிய மண்டபத்தில் வைப்பார்கள். அது உண்மையில் கூடைப்பந்து மைதானம்; வழிபாட்டுக்கு இடம் போதாத நாட்களில் நடுத் தடுப்பை மடித்துத் திறந்து நாற்காலிகள் போடும் இடமும் அதுவே. கூடைப்பந்து வளையத்தைத் துணி போர்த்தி மறைப்பதற்கென்றே ஒவ்வொரு பகுதியிலும் ஒரு அத்தை தேர்ச்சி பெற்றிருப்பார். அலங்காரத்தை நீங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பார்கள், உங்களுக்கும் செய்வதற்கு ஒரு வேலை இருக்கும்.

முன்னோர் விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் அவசரமாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன், திருமணத்தைவிடவும் அவசரமாக. ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர் ஒருவர் அவர்கள் சார்பில் தண்ணீரில் மூழ்கி எழுவது எங்கள் ஆலயங்களில் அன்றாடம் நடப்பது. இறந்தவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம்; அவருடைய விருப்பத்தைச் சடங்கு பறிப்பதில்லை என்பது எங்கள் போதனை. இப்படிச் செய்வதால் அவருடைய பெயர் சபையின் உறுப்பினர் பட்டியலில் சேர்வதும் இல்லை. உங்கள் மகள் தாத்தாவின் பெயரைக் கேட்பது அவரை மாற்றுவதற்காக இருக்காது; அவரும் தன்னோடு இருக்க வேண்டும் என்ற ஆசையால்தான் கேட்டிருப்பாள். ஆயினும் உங்கள் கணவரின் காதில் அது எப்படி விழும் என்பதையும் நான் அறிவேன். என் தந்தையின் காதிலும் அப்படித்தான் விழுந்தது.

இதற்குச் சபையில் தெளிவான விதி உண்டு. கடந்த 110 ஆண்டுகளுக்குள் பிறந்த ஒருவருக்கு இச்சடங்கைச் செய்ய வேண்டுமானால், உயிரோடிருக்கும் அவருடைய மிக நெருங்கிய உறவினரின் அனுமதி வேண்டும். இறந்தவரின் மனைவி உயிரோடு இல்லையென்றால், பேத்தியைவிட மகனே நெருங்கியவர். உங்கள் மாமனார் அந்தக் கால வரம்புக்குள் பிறந்தவராக இருந்தால், உங்கள் கணவர் சம்மதிக்காமல் எதுவும் செய்யக் கூடாது. அவர் மறுத்தால் மகள் அதை மதித்தாக வேண்டும். எனவே பெயர்களைத் தராமல் மறைப்பதைவிட, பெயர்களையும் கதைகளையும் தாராளமாகக் கொடுத்துவிட்டு, குடும்ப மரத்தில் எழுதிக்கொள், ஆலயத்துக்கு மட்டும் கொண்டுபோகாதே என்று உங்கள் கணவரே சொல்லட்டும். சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் இரண்டும் தனித்தனி வேலைகள். ஒருவருடைய பெயரை மரத்தில் சேர்ப்பதாலேயே சடங்கு நடந்துவிடாது. என் தந்தை தம் பெற்றோருக்கு வேண்டாம் என்றார். அதற்கு முந்தைய தலைமுறை பற்றி, அது உன் பாடு என்று சிரித்துவிட்டார். உங்களுக்குப் பிறகு உங்கள் பெயர்களில் செய்யலாமா, கூடாதா என்பதையும் இதே பேச்சில் சொல்லிவிடுங்கள். சொல்ல சங்கடமாக இருக்கும்; ஆனால் சொல்லாமல் விட்டால், அவள் தன் நம்பிக்கையையும் உங்கள் விருப்பத்தையும் பற்றித் தனியே ஊகித்துக்கொண்டிருக்க நேரிடும்.

அன்றாட வாழ்க்கையில் நீங்கள் அஞ்சும் அளவுக்கு எதுவும் இல்லை. காபி, தேநீர் இரண்டும் இல்லை, அது குளிரவைத்ததாக இருந்தாலும் சரி. ஆனால் நீங்கள் வரும்போது உங்களுக்குக் காபி போட்டுத் தருவதில் பாவம் ஒன்றும் கிடையாது, என் வீட்டில் என் தாயாருக்கென்று ஒரு வடிகட்டி எப்போதும் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உண்ணாமல் இருந்து, அந்த உணவின் செலவை ஏழைகளுக்கான நிதிக்குக் கொடுப்போம். விரதம் இருந்து பழகியவர்களுக்கு இது புதிதில்லை. திங்கட்கிழமை மாலை குடும்பத்துக்கு. 1915-இல் தொடங்கி, 1970 முதல் திங்கட்கிழமை என்று நிலைத்துவிட்ட வழக்கம் இது; அன்று சபையில் வேறு கூட்டங்கள் வைப்பதில்லை. பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகு, திங்கட்கிழமைதோறும் காணொளியில் ஒரு கதை சொல்லும் வேலை உங்களுக்கு உறுதி.

பேரப்பிள்ளைகளின் சடங்குகள் எதிலும் நீங்கள் வெளியே நிற்க வேண்டியதில்லை. குழந்தைக்குப் பெயர் சூட்டி ஆசீர்வதிப்பது ஞாயிறு வழிபாட்டில், எல்லோர் முன்னிலையிலும் நடக்கும். தந்தையும் மாமன்மார்களும் வட்டமாக நின்று நடுவில் குழந்தையைக் கைகளில் தாங்கியிருப்பார்கள். எட்டு வயதில் ஞானஸ்நானமும் சபைக்கூடத்திலேயே. முதல் வரிசையில் இடம் பிடித்துக்கொள்ளலாம்.

மலையடிவாரம் ஐயா எழுதியதில் ஒன்றை மட்டும் மறுக்க விரும்புகிறேன். பொறுப்புகளை மறுக்கக் கூடாது என்பது இப்போது முன்பு போல் இல்லை. இரண்டு சிறு பிள்ளைகளோடு இளைஞர் முகாம் பொறுப்பு இயலாது என்று நான் சொன்னபோது, பிஷப் சிரித்துக்கொண்டே வேறொருவரைத் தேடப் போனார். அவருடைய மனைவியின் அனுபவத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அப்படி வெளியே உட்கார்ந்தவர்கள் எங்கள் குடும்பத்திலும் இருக்கிறார்கள்.

உப்பேரிக்கரை (பதில்)

நித்தியமல்லி அவர்களின் பதிலுக்குப் பிறகு நான் சேர்ப்பதற்கு அதிகம் இல்லை. நடைமுறை விவரம் மட்டும் சொல்கிறேன். வெளியில் முதலில் மணம் என்று முடிவானால், கவுண்டி (மாவட்ட) அலுவலகத்தில் பெறும் திருமண உரிமம் அந்த முதல் திருமணத்துக்கே பயன்படும். நடத்திவைப்பவரும் இரண்டு சாட்சிகளும் அதில்தான் கையெழுத்திட வேண்டும். உங்கள் கணவரே ஒரு சாட்சியாகக் கையெழுத்திடலாம். யூட்டாவில் உரிமம் பெற்ற பிறகு காத்திருக்கும் காலம் எதுவும் கிடையாது. பிறகு ஆலயத்துக்குச் செல்லும்போது மணம் முடிந்ததற்கான சான்றைக் கேட்பார்கள், அதை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஆலயங்கள் ஞாயிறும் திங்களும் இயங்குவதில்லை என்பதால், வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் முன்னிலையில் திருமணமும் சனிக்கிழமை ஆலயமும் மாலையில் வரவேற்பும் என்று வைத்துக்கொண்டால் வெளியூர் உறவினர்களுக்கும் வசதியாக இருக்கும். கோடைச் சனிக்கிழமைகளில் ஆலயத்தில் நேரம் கிடைப்பது கடினம். மகளை இந்த வாரமே முன்பதிவு செய்யச் சொல்லுங்கள்.